கந்த சஷ்டி ஆறு நாளும் எதைக் குடிப்பது? தண்ணீர், இளநீர், மோர், பானகம், பால், உப்புக் கரைசல்: ஓர் ஒப்பீடு

தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் விரதம் தொடங்குகிறது. சாப்பாடு இல்லை என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. எதைக் குடிப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. மாமியார் மிளகும் தண்ணீரும் என்பார். பக்கத்து வீட்டில் இளநீர் மட்டும். வேலைக்குப் போகும் மகள் பாலும் பழமும் போதுமா என்று கேட்பாள். மோரில் உப்புப் போட்டால் விரதம் கெடுமா என்று இன்னொரு கேள்வி வரும்.

பெரும்பாலோர் "எத்தனை லிட்டர்?" என்றே கணக்குப் போடுகிறார்கள். ஒரு நாள் விரதத்துக்கு அந்தக் கணக்குப் போதும். ஆறு நாள் விரதத்தில் ஆளைத் தள்ளுவது தண்ணீர்க் குறைவு மட்டுமல்ல, உப்புக் குறைவும்தான். ஆகவே இந்த ஒப்பீட்டில் லிட்டருக்கு இணையாக உப்பையும் நிறுத்துப் பார்க்கிறோம்.

## உடம்பில் நடப்பது

சாப்பாடு நின்றதும் இரத்தத்தில் இன்சுலின் இறங்கும். அது இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைப்பது தளரும். உப்பு சிறுநீரோடு போகும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து கரைகையில், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் விடுபட்டு அதுவும் வெளியேறும். மூன்றாம் நாள் எடை மிஷினில் 2 கிலோ குறைந்து தெரிவதில் பெரும்பங்கு இதுதான், கொழுப்பு அல்ல. முந்தின நாள்வரை முறுக்கும் மிக்சரும் அதிரசமும் உள்ளே போயிருப்பதால் சஷ்டியில் இந்தச் சரிவு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஒரு நாளில் 700 முதல் 900 மி.லி. வரை நம்மை அறியாமல் போகிறது. கழிவை வெளியேற்றச் சிறுநீர் குறைந்தது 500 மி.லி. வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அடிமட்டக் கணக்கு. வழக்கமான நாளில் நமக்குக் கிடைக்கும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சோறு, சாம்பார், காய் வழியாகவே வரும். விரதத்தில் அந்த வழியும் அடைபடுகிறது. எனவே வீட்டில் இருப்பவருக்கு எல்லாப் பானமும் சேர்த்து நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் என்பது நியாயமான இலக்கு. ஒரே மூச்சில் அல்ல, விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றரை மணிக்கொரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மி.லி.

தாகத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஐப்பசி மழைக்காலம், வெயில் உறைக்காது, தாகமும் எடுக்காது.

## எதை வைத்து அளக்கிறோம்

சோடியம் எவ்வளவு தருகிறது, பொட்டாசியம் எவ்வளவு ஏற்றுகிறது, சர்க்கரை எவ்வளவு, காலி வயிறு தாங்குமா என்பவை முதல் நான்கு அளவுகோல்கள். தயாரிக்கும் பாடும் செலவும் ஐந்தாவது. ஆறாவது உங்கள் வீட்டு விரத முறை அதை ஏற்குமா என்பது. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கீழே உள்ளவை ஒரு லிட்டருக்கான தோராய அளவுகள்.

| பானம் | சோடியம் | பொட்டாசியம் | சர்க்கரை | முக்கியமான சிக்கல் |
|---|---|---|---|---|
| வெறும் தண்ணீர் | மிகச் சொற்பம் | மிகச் சொற்பம் | இல்லை | உப்பு நீர்த்துப்போதல் |
| இளநீர் | குறைவு, மரத்துக்கு மரம் மாறும் | 2,000 மி.கி.க்கு மேல் | 30–50 கிராம் | சிறுநீரக நோயாளிக்கு ஆபத்து |
| மோர் (அரைத் தேக்கரண்டி உப்புடன்) | சுமார் 1,200 மி.கி. | சுமார் 400 மி.கி. | 10–12 கிராம் | புளித்தால் நெஞ்செரிச்சல் |
| பானகம் (50 கிராம் வெல்லம், கால் தேக்கரண்டி உப்பு) | சுமார் 600 மி.கி. | சில நூறு மி.கி. | 40–45 கிராம் | சர்க்கரை நோய் |
| பசும்பால் | 400–500 மி.கி. | சுமார் 1,500 மி.கி. | 45–50 கிராம் | வயிற்று உப்புசம் |
| உப்புக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) | சுமார் 1,725 மி.கி. | சுமார் 780 மி.கி. | 13.5 கிராம் | தேவையின்றிக் குடித்தால் உப்பு மிகும் |

## வெறும் தண்ணீர், மிளகுத் தண்ணீர்

காசு இல்லை, பாடு இல்லை, எந்த முறைக்கும் ஒத்துவரும். சஷ்டி ஒரு நாள் மட்டும் உபவாசம் இருக்கும் நல்ல உடல்நிலைக்காரர் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

ஆறு நாளும் இதுவே என்றால் தவறு இரண்டு பக்கமும் நடக்கும். முதலாவது மிகக் குறைவாகக் குடிப்பது. மிளகு விரதத்தில் சிலர் நாளுக்கொன்றாக மிளகைக் கூட்டிக்கொண்டே போவார்கள். இன்னும் சிலர் ஆறு மிளகும் ஆறு கை நீரும் என்று வைத்துக்கொள்வார்கள். உள்ளங்கையால் அள்ளும் ஆறு கை நீர் ஒரு பெரிய டம்ளரைத் தாண்டாது. சிறுநீருக்கு வேண்டிய 500 மி.லி.க்கே அது எட்டாது. அந்த நீரைப் பிரசாதமாக வைத்துக்கொண்டு தாகத்துக்குத் தனியே குடிப்பதுதான் பிழைக்கும் வழி. வயிற்றுப்புண் உள்ளவருக்குக் காலி வயிற்றில் மிளகு எரியும். அவர்கள் அதை மெல்லாமல் தொட்டு வணங்கி வைத்துவிடலாம்.

இரண்டாவது எதிர்ப்பக்கத் தவறு. "விரதம்னா நிறையத் தண்ணி குடி" என்ற அறிவுரையைக் கேட்டு நாலைந்து லிட்டர் குடிப்பது. உப்பு ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்கும் உடம்பில் வெறும் தண்ணீரை ஊற்றினால், மிச்சமிருக்கும் சோடியமும் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், முற்றினால் வலிப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில் "சோடியம் இறங்கிடுச்சாம்" என்று சொல்வது இதைத்தான். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தலிடோன் கலந்த பிரஷர் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு இது சீக்கிரம் வரும். சிறுநீர் தண்ணீர் போலவே நிறமற்றுப் போகிறது, தலையும் வலிக்கிறது என்றால் இன்னும் ஒரு சொம்பு குடிப்பது மருந்தல்ல.

ஆறு நாளும் தண்ணீர் மட்டும் என்பதை மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் செய்ய நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மரபே இதற்கு இடம் விட்டிருக்கிறது. ஆறு நாளும் உபவாசம் உத்தமம், இயலாதவர் முதல் ஐந்து நாள் ஒரு பொழுது உண்டு சஷ்டியன்று மட்டும் உபவாசம் இருக்கலாம் என்பது சைவ நெறியிலேயே உள்ள ஏற்பாடுதான், இன்றைய சோம்பேறிகள் கண்டுபிடித்த சலுகை அல்ல.

## இளநீர்

விரதக்காரரிடையே மிகவும் நல்ல பெயர் வாங்கிய பானம் இது. பெயரில் பாதி நியாயமானது. சுத்தமான நீர், காலி வயிற்றுக்கு இதம், மயக்கத்தைத் தள்ளிப்போடும் அளவுக்குச் சர்க்கரை.

மறுபாதியில்தான் பிழை. "இளநீரில் எல்லா உப்பும் இருக்கு" என்பார்கள். இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம். விரதத்தில் நாம் இழப்பதில் முதன்மையானது சோடியம், அது இளநீரில் குறைவு. ஆக, நாளெல்லாம் இளநீரே குடித்தும் மூன்றாம் நாள் எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதே என்று திகைப்பவர்கள் உண்டு. காரணம் இதுதான். நாளுக்கு ஒரு தடவை உப்புப் போட்ட எலுமிச்சை நீரோ மோரோ சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும்.

ஒரு காயில் 300 மி.லி. நீர் என்று வைத்தால் பொட்டாசியம் 600 மி.கி.க்கு மேல் வரும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு நாளுக்கு இரண்டு, மூன்று காய் பொருட்டல்ல. சிறுநீரகம் பழுதானவருக்கும் டயாலிசிஸ் செய்பவருக்கும் ஒரு காய்கூட வேண்டாம். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். இவற்றைச் சாப்பிடுபவர் விரதத்துக்கு முன் ஒரு முறை இரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்வது நல்லது. பொட்டாசியம் ஏறினால் வலி, காய்ச்சல் என்று முன்னறிவிப்பு எதுவும் வராது, நேராக இதயத் துடிப்பில் கைவைக்கும்.

கணக்கில் வராத செலவுகளும் உண்டு. ஒருவருக்கு நாளுக்கு மூன்று என்றால் ஆறு நாளுக்கு 18 காய், தம்பதியர் என்றால் 36. வெட்டிய காயை ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். பாட்டிலில் ஊற்றி மாலைவரை வைத்தால் புளிக்கும், வயிறு போகும். வயிறு போனால் குடித்ததைவிட அதிகம் வெளியேறும். நாலாவது, ஐந்தாவது காய் சிலருக்கு மலத்தை இளக்கியும் விடும். இன்னொன்று: ஐந்தாம் நாள் கை நடுங்கும்போது நீங்களே அரிவாளை எடுக்காதீர்கள், சீவித் தர ஆள் இருக்கட்டும்.

## உப்பு மோர்

எங்கள் தேர்வு இதுதான். உப்பையும் தயிரையும் ஏற்கும் விரத முறை என்றால், உடல்நிலை சாதாரணமாக உள்ள பெரும்பாலோருக்கு இதைவிடப் பொருத்தமான வீட்டுப் பானம் இல்லை.

செய்முறை எளிது. 250 மி.லி. புளிக்காத தயிரைக் கடைந்து 750 மி.லி. கொதித்து ஆறிய நீர் சேருங்கள். தூள் உப்பு அரைத் தேக்கரண்டி, தலைதட்டி. கல்லுப்பு என்றால் கரண்டி அளவு ஏமாற்றும், பொடித்து அளக்கவும். இஞ்சித் துண்டு ஒன்றைத் தட்டிப் போட்டு வடிகட்டலாம், கறிவேப்பிலை கிள்ளிப் போடலாம். பச்சை மிளகாய் வேண்டாம், மூன்றாம் நாள் வயிறு அதைத் தாங்காது. இந்த ஒரு லிட்டர் ஒரு நாளுக்கு ஒருவருக்குப் போதும். மீதி ஒன்றரை லிட்டர் தண்ணீராக இருக்கட்டும்.

"எங்கள் வீட்டில் உப்பு சேர்க்கமாட்டோம், இந்துப்பு மட்டும்" என்பவர்களுக்கு: இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், வேலை நடக்கும். அளவும் அதேதான். ஆனால் கடையில் கிடைக்கும் "சோடியம் குறைந்த உப்பு" வேறு சரக்கு. அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், சிறுநீரக நோயாளியும் மேலே சொன்ன மாத்திரைக்காரர்களும் தொடக்கூடாது. உப்பே ஆகாது என்ற கட்டுப்பாடு உள்ளவர்கள் ஆறு நாள் முழு உபவாசத்தைத் தேர்ந்தெடுக்காமல், ஒரு பொழுது உணவோடு இருப்பதே பாதுகாப்பு.

சிக்கல்கள்: காலையில் கரைத்த மோர் மாலைக்குள் புளித்து நெஞ்சைக் கரிக்கும், எனவே இரண்டு முறையாகக் கரைக்க வேண்டும். இதய வீக்கத்துக்காகத் தண்ணீர் அளவும் உப்பு அளவும் கட்டப்பட்டவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

## பானகம்

முருகன் கோயில் பாதையாத்திரைக்காரருக்குத் தெரிந்த பானம். நடப்பவருக்கு இது பொருந்தும், உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவாக இல்லை. வழக்கமான பானகத்தில் வெல்லம் தாராளம். லிட்டருக்கு 100 கிராம் போட்டால் அந்த இனிப்பே வயிற்றில் தங்கி, சிலருக்குக் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றைக் கலக்கும். 50 கிராம் வெல்லம், ஒரு எலுமிச்சை, கால் தேக்கரண்டி சுக்குத்தூள், ஏலக்காய் ஒன்று, கால் தேக்கரண்டி உப்பு என்று மாற்றினால் தாகத்துக்கும் உதவும், சோர்வுக்கும் உதவும். சர்க்கரை நோயாளிக்கு வேண்டாம். சர்க்கரை இறங்கி நடுங்கும்போது மட்டும் ஒன்றரை டம்ளர் குடிக்கலாம்.

## பால், பழம்

பால் உடம்பில் நன்றாகத் தங்கும் திரவம். ஒரு டம்ளரில் 6 கிராம் அளவு புரதமும் கிடைப்பதால் வேலைக்குப் போகிறவருக்கு மற்ற எதைவிடவும் தெம்பு தரும். ஆனால் இதைத் தாகத்துக்கான பானமாக எண்ணக்கூடாது. காலையும் இரவும் ஒரு டம்ளர் என்று உணவுக் கணக்கில் வையுங்கள். மூன்று, நான்கு டம்ளர் போனால் பலருக்கு வயிறு உப்பும், நடுப்பகல் அர்ச்சனையில் அவஸ்தை. வாழைப்பழத்தோடு இளநீரும் சேர்ந்தால் பொட்டாசியக் கணக்கு இரட்டிப்பாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

## உப்புக் கரைசல்

உலக சுகாதார நிறுவனத்தின் 2002 சூத்திரப்படி ஒரு லிட்டர் நீரில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். குளுக்கோஸும் சோடியமும் குடல் சுவரில் கைகோத்து உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். இந்த விகிதத்தில்தான் சூட்சுமம். பாக்கெட்டில் எத்தனை மி.லி. என்று போட்டிருக்கிறதோ அத்தனை நீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கரைப்பதும், சுவைக்காகச் சர்க்கரை சேர்ப்பதும், பாலில் கலப்பதும் தவறு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பாக்கெட் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்கள் பல ஓ.ஆர்.எஸ். என்ற இதே பெயரைச் சூடிக்கொண்டு விற்றன. அவற்றில் சர்க்கரை மிகுதி, உப்பு குறைவு. 2025 அக்டோபரில் இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் போடுவதற்குத் தடை போட்டது. மருந்துக்கடையில் தூள் பாக்கெட்டாகக் கேட்டு, பின்புறம் உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விலை இளநீரைவிட மலிவு.

இதை அன்றாடப் பானமாக வைக்க வேண்டாம். தலைசுற்றும்போது, வயிறு போகும்போது, கூட்டத்தில் வியர்த்துக் கொட்டும்போது எடுக்கவேண்டிய ஆயுதம் இது. 200 மி.லி.யை இருபது நிமிடத்தில் மடக்கு மடக்காகக் குடியுங்கள். மருந்துபோல் இருக்கிறது, விரதத்துக்கு ஆகாது என்பவர்கள், மயங்கி விழுந்தால் கையில் ஏறப்போகும் சலைன் பாட்டிலிலும் உப்பு நீர்தான் இருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

## யாருக்கு எது

வீட்டிலேயே இருக்கும் நல்ல உடல்நிலைக்காரர்: ஒரு லிட்டர் உப்பு மோர், ஒன்றரை லிட்டர் தண்ணீர், விரும்பினால் தண்ணீரில் கொஞ்சத்தைக் குறைத்து ஒரு இளநீர்.

அலுவலகம் போகிறவர்: இரு வேளை பால், ஒரு பழம், பாட்டிலில் உப்புப் போட்ட எலுமிச்சை நீர். காபி, டீயை நிறுத்தப்போகிறீர்கள் என்றால் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே குறையுங்கள். திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் மண்டையைப் பிளக்கும். அதைத் தண்ணீர்க் குறைவு என்று நினைத்து லிட்டர் லிட்டராகக் குடிப்பவர்கள் மேலே சொன்ன இரண்டாவது தவறில் போய் விழுகிறார்கள்.

பிரஷர் மாத்திரைக்காரர்: ஒரு பொழுது உணவு முறைதான் ஏற்றது. விரதத்தில் அழுத்தம் தானாகவே இறங்கும், பழைய அளவு மாத்திரை அதை இன்னும் கீழே தள்ளும். வீட்டில் மிஷின் இருந்தால் உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் அன்றே மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சர்க்கரை நோயாளி: இன்சுலின், கிளிமெபிரைடு எடுப்பவருக்குச் சர்க்கரை சரேலென இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் சிறுநீர் வழியே நீரை வெளியேற்றுவதோடு, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இரத்தத்தை அமிலமாக்கும் அபாயமும் உள்ளவை. ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். இரத்தச் சர்க்கரை அளவு 70க்குக் கீழே, அல்லது 300க்கு மேலே போனால் விரதத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த ஒப்பீட்டுக்கே வெளியே. எந்தப் பானமும் அவர்களுக்கு முழு உபவாசத்தைப் பாதுகாப்பாக்காது. உடல்வலி மாத்திரைகளான டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ஆகியவற்றை விரத நாட்களில் யாருமே தொட வேண்டாம். நீர் வற்றிய சிறுநீரகத்தை அவை நெரிக்கும்.

## சூரசம்ஹார நாள்

ஆறாம் நாள் மாலை திருச்செந்தூர்க் கடற்கரை மணலில் இடம் பிடிக்க மதியத்திலிருந்தே நிற்பவர்கள், உடம்பு மிகவும் வற்றியிருக்கும் நாளில் மிகவும் கடினமான வேலையைச் செய்கிறார்கள். கழிப்பறைக்குப் போக வழியில்லை என்று காலையிலிருந்தே குடிக்காமல் இருப்பது வழக்கமான பிழை. புறப்படுமுன் இரண்டு மணி நேரத்தில் 500 மி.லி. உப்பு மோரை மெதுவாகக் குடியுங்கள். கையில் ஒரு லிட்டர் பாட்டிலும், 200 மி.லி.க்கான உப்புக் கரைசல் பாக்கெட் இரண்டும் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை லிட்டர் கூடுதலாக வேண்டும். ஒரே இடத்தில் விறைத்து நிற்காமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், காலில் தேங்கும் இரத்தம் மேலேறும். கண் இருட்டினால் அங்கேயே மணலில் படுத்துக் காலை உயர்த்துவதில் வெட்கம் எதுவும் இல்லை.

எட்டு மணி நேரம் சிறுநீர் வராமை, குழறிய பேச்சு, நெஞ்சுப் படபடப்பு, நிற்காத வாந்தி, மயக்கம்: இவற்றில் ஒன்று வந்தாலும் விரதம் முடிந்தது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

## பாரணை: விரதம் முடித்து உண்பது

ஆறு நாள் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்குச் சர்க்கரைப் பொங்கலும் வடையுமாக இலை போடுவது தவறு. திடீரென மாவுச்சத்து ஏறினால் இன்சுலின் எகிறி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயமும் மூச்சுத் தசையும் தடுமாறும். ஐந்து நாளுக்கு மேல் ஏதும் உண்ணாதவருக்கு முதல் இரண்டு நாளில் வழக்கமான அளவில் பாதிக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது மருத்துவமனைகளில் பின்பற்றும் விதி.

முதலில் உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சி ஒரு டம்ளர். இரண்டு மணி நேரம் கழித்துப் பாசிப்பருப்புச் சேர்த்த கஞ்சி, கொஞ்சம் மோர். அன்றைய இரவு இட்லி இரண்டு. மறுநாள் குழைந்த சோறும் ரசமும் அரை வயிற்றுக்கு. பாயசம் மூன்றாம் நாள் வரை காத்திருக்கட்டும்.